குறையட்டும் என்று கேட்ட வெள்ளிக்கிழமை

நம் சபையாருக்கும், இதை வாசிக்கிற மற்ற எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லவே இதை எழுதுகிறேன். கூடவே சிலருக்குப் பதில் சொல்லவும்தான். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. சோறு அள்ளும்போது நடுங்காது. செல்போன் பிடிக்கும்போது நடுங்காது. புல்தரையில் குழிக்கு இரண்டடி தூரத்தில் பந்து கிடக்கும்போது மட்டும் நடுங்கும். சின்னப் பிள்ளை காலால் தட்டினாலும் விழுகிற தூரம் அது. நான் மட்டையை மெதுவாகப் பின்னால் எடுப்பேன், கை வெடுக்கென்று ஒரு உதறு உதறும், பந்து குழியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்கும். திரும்பவும் அடிக்க வேண்டும். அதுவும் உதறும்.

நான் கோல்ஃப் ஆடுகிறவள். அதுதான் என் தொழில். தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பந்தைக் குழியில் போட எத்தனை அடி ஆயிற்று என்பதுதான் இந்த ஆட்டத்தின் கணக்கு. பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து யாருக்கு அடி குறைவோ அவள்தான் ஜெயிப்பாள். இதை நான் ஒன்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஊரில் சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று பிறகு தெரியும்.

எங்கள் ஊரான அருமனையில் பிறந்த பிள்ளைக்குக் கோல்ஃப் எங்கே கிடைத்தது என்று கேட்காதவர்கள் இல்லை. மஸ்கட்டில் கிடைத்தது. அம்மா அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா ஒரு கோல்ஃப் மைதானத்தில் மணலைச் சமப்படுத்துகிற வேலை பார்த்தார். புல்லே இல்லாத மைதானம். கையோடு ஒரு சின்னப் பச்சைப் பாய்த்துண்டைக் கொண்டுபோய், அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். அப்பாவோடு போய் நானும் அடித்துப் பழகினேன். எனக்குப் பதினைந்து வயதில் ஊருக்கு வந்துவிட்டோம். பாய்த்துண்டும் என்னோடு வந்தது. அப்பாவின் ரப்பர் தோட்டத்தில் இரண்டு வரிசை மரத்துக்கு நடுவே அதைப் போட்டு அடிப்பேன். பந்து கொஞ்சம் விலகினாலும் மரத்தில் கட்டியிருக்கும் பால் சிரட்டை கவிழும், வீட்டில் ஏச்சு கிடைக்கும். நான் நேராக அடிக்கப் படித்தது அப்படித்தான். பதினெட்டு வயதில் பெங்களூருக்குப் போனேன், தொழில்முறை ஆட்டக்காரி ஆனேன்.

இந்த நடுக்கத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் அதை வாயால் சொல்ல மாட்டார்கள், சொன்னால் தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். நான் சொல்கிறேன். யிப்ஸ். எனக்குப் பயமில்லை, அதன் அடியை ஏற்கெனவே வாங்கியவள் நான். நரம்பு டாக்டரைப் பார்த்தேன், ஸ்கேன் எடுத்தேன். ஒரு குறையும் இல்லை என்றார்கள். மட்டையை மாற்றினேன், பிடியை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. எழுபத்து நான்கு அடித்துக்கொண்டிருந்தவள் எழுபத்தொன்பது அடித்தேன். பிறகு எண்பத்திரண்டு. நவம்பர் முடியும்போது நிலைமை இதுதான். வருஷத்தின் கடைசிப் போட்டியில் முதல் பத்துப் பேருக்குள் வந்தால் அடுத்த வருஷமும் ஆடலாம். வராவிட்டால் ஆடும் உரிமை போய்விடும். ஊரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்து மேஜைமேல் கிடந்தது. அம்மா அதன்மேல் தண்ணீர்ச் செம்பு வைத்துவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

போட்டிக்கு முந்தின வாரம் ஊருக்கு வந்திருந்தேன். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபைக் கமிட்டியில் இருக்கும் ஞானராஜ் மாமா பிடித்துக்கொண்டார்.

“பிள்ளே, குட்டப் பாவாடையும் போட்டுட்டு ஓய்வுநாள்ல பந்தடிச்சா கை நடுங்காம என்ன செய்யும்? ஆண்டவரு தொட்டிருக்காரு கேட்டியா. விட்டுட்டு ஸ்கூல் வேலைக்குப் போ.”

சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். எனக்குச் சுரீர் என்றது.

“மாமா, எனக்க ஆண்டவரு கையக் குடுத்துட்டு அது நடுங்குகதப் பாத்து ரசிக்கிற ஆளு இல்ல. பாவாடையிலயும் அவருக்கு ஒரு வருத்தமும் இல்ல. இருந்தா எங்கிட்டயே சொல்லுவாரு.”

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அது வேறு விஷயம். அழுதுகொண்டே ஜெபித்தேன். அதைப் பணிவான ஜெபம் என்று சொல்ல முடியாது. “ஆண்டவரே, இந்த வேலையை நான் திருடவில்லை. நீர் கொடுத்தீர். திரும்ப எடுக்க வேண்டுமானால் நேராக என்னிடம் சொல்லும், கமிட்டி மூலமாகச் சொல்லி அனுப்பாதேயும். இல்லாவிட்டால் கையைச் சரியாக்கும்” என்றேன். பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் தெருவில் தங்கபாய் அக்கா வீட்டில் பெண்கள் உபவாச ஜெபம் நடக்கும். நான் பெங்களூர் போன நாளிலிருந்து எனக்காக அங்கே ஜெபிக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அம்மா அவர்களின் வாட்ஸப் குழுவில் என் எண்ணிக்கையைப் போட்டுவிடுவாள். அவர்கள் ஸ்தோத்திரம் என்று அனுப்புவார்கள். எண்பத்திரண்டுக்கும் அனுப்பியிருந்தார்கள். ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமை என்னையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போனாள்.

பன்னிரண்டு பேர் பாய்விரித்து முழங்காலில் இருந்தார்கள். என்னை நடுவில் இருத்தினார்கள். தங்கபாய் அக்கா என் தலைமேல் கைவைத்தாள். ரப்பர் பால் வெட்டி வெட்டிக் காய்த்த கை. அவள் ஜெபித்தால் ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும்.

“ஆண்டவரே, எங்க கண்ணீரக் கண்டீரே! எழுவத்தி நாலுல கெடந்த பிள்ளைய எழுவத்தி ஒம்பதுக்குத் தூக்கினீரே! எம்பத்தி ரெண்டுக்குக் கொண்டு வந்தீரே! இன்னும் கூட்டும் தகப்பனே, இந்தத் தடவ எங்க பிள்ள நூறு அடிக்கக் கிருப செய்யும்!”

“ஆமென்” என்றார்கள் பதினொரு பேரும்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கிரிக்கெட் மாதிரி நினைத்துக்கொண்டு, இத்தனை காலமும் என் எண்ணிக்கை கூட வேண்டும் என்று பட்டினி கிடந்து ஜெபித்திருக்கிறார்கள். அதுவும் கூடிக்கொண்டே போயிருக்கிறது!

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சரிந்து சிரித்தேன். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கிவிட்டது என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தண்ணீர் எடுக்க ஓடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குறைந்தால்தான் ஜெயிப்போம், கூடினால் தோற்போம் என்று சொன்னேன்.

தங்கபாய் அக்காவின் முகம் வெளிறிப் போயிற்று.

“அப்பம் நாங்க இத்தன நாளும் ஒன்னக் கவுத்துட்டா இருந்தோம்? இத ஏன் மக்ளே நீ ஒரு வார்த்த சொல்லல்ல?”

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. நான் சொல்லவில்லைதான். இவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்று இருந்துவிட்டேன். எனக்காக ஒன்பது வருஷம் பட்டினி கிடந்தவர்களிடம், நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஐந்து நிமிஷம் உட்கார்ந்து சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஞானராஜ் மாமாவின் வாயைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, என் திமிரை மறைத்தால் அது சாட்சி ஆகாது.

அன்றைக்குத்தான் சொன்னேன். பந்து, குழி, இரண்டடி தூரம், கை உதறுவது எல்லாவற்றையும் சொன்னேன். பெங்களூரில் யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்த நடுக்கத்தைப் பன்னிரண்டு பேர் முன்னால் ஒரு கரண்டியைப் பிடித்துச் செய்தே காட்டினேன். தங்கபாய் அக்கா திரும்பவும் முழங்காலில் நின்றாள்.

“ஆண்டவரே, நாங்கதான் தெரியாமக் கேட்டோம், நீராவது யோசிச்சிருக்கப்பிடாதா? போனது போட்டும். இனி கொறையட்டும். கொறஞ்சு கொறஞ்சு வரட்டும்.”

கடைசிப் போட்டி ஹைதராபாத்தில் நடந்தது. மூன்று நாள் ஆட்டம். முதல் நாள் இரண்டு தடவை கை உதறியது. பழைய ஆளாக இருந்தால் அன்றைக்கே நொறுங்கியிருப்பேன். எனக்கோ அந்த ஜெபம் ஞாபகம் வந்து சிரிப்புத்தான் வந்தது. இரண்டாம் நாள் ஒரே தடவை. மூன்றாம் நாள் கடைசிக் குழிக்கு வந்தபோது, பத்தாவது இடம் எனக்குக் கிடைக்குமா என்பது ஒரே ஓர் அடியில் இருந்தது. பந்து குழிக்கு இரண்டடியில் கிடந்தது. அது விழுந்தால் உள்ளே, விழாவிட்டால் பள்ளிக்கூடம்.

மட்டையைப் பிடித்ததும் விரல் துடிக்க ஆரம்பித்தது. எனக்குக் கோபம் வந்தது. போதும் என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பிறகு, தங்கபாய் அக்கா வீட்டுப் பாயில் இருந்ததுபோலக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். என் பையைச் சுமக்கிற பெரியவர் பதறிப்போய் இருமினார். கண்ணுக்குள் குழி இல்லை, பந்து இல்லை, ஆட்கள் இல்லை. “கொறையட்டும்” என்ற அந்தக் குரல் மட்டும் இருந்தது. என் தலைமேல் அந்தக் காய்த்த கையின் கனம் தெரிந்தது. தட்டினேன்.

குழிக்குள் பந்து விழுந்த சத்தம் கேட்டது. அதன்பிறகுதான் கண்ணைத் திறந்தேன். அன்றைய என் எண்ணிக்கை அறுபத்தொன்பது.

மனதைத் தளர்த்தினால் கையும் தளரும், அவ்வளவுதான் என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். மருந்துக்கும் பயிற்சிக்கும் தளராத மனதை, ஒரு தப்பான ஜெபத்தைக் கேட்கவைத்துத் தளர்த்தியவர் யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். கமிட்டி மூலமாக வராத பதில் எனக்குப் பாயில் வந்தது.

டீச்சர் வேலை ஆர்டரை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஞானராஜ் மாமா இப்போது வெளியாட்களிடம் என்னை நம்ம சபைப் பிள்ளை என்று சொல்கிறாராம். சந்தோஷம். பாவாடை அதே பாவாடைதான். கை இன்னும் எப்போதாவது உதறும். உதறினால் மறைப்பதில்லை, வெள்ளிக்கிழமைக்காரர்களுக்கு உடனே எழுதிவிடுவேன். இப்போது அவர்களில் நாலு பேருக்குப் போட்டியின் விதிகள் என்னைவிட நன்றாகத் தெரியும்.

இதை வாசிக்கிறவர்களில் யாரையாவது “விட்டுவிடு, இது உனக்கு வந்த தண்டனை” என்று ஊர் பயமுறுத்திக்கொண்டிருக்கலாம். விடாதீர்கள். ஆண்டவரிடம் சண்டை போட்டாவது கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்கிறவர் இல்லை. உங்களுக்காக முழங்காலில் நிற்கிறவர்களிடம் உங்கள் பாடு என்னவென்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். எங்கள் வெள்ளிக்கிழமைப் பாயில் இடம் இருக்கிறது.

அன்றைக்கு ஹைதராபாத்தில் கடைசிக் குழியிலிருந்து வெளியே வந்ததும் நானே குழுவில் அறுபத்தொன்பது என்று போட்டேன். வெகுநேரம் ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பிறகு தங்கபாய் அக்காவின் குரல் பதிவு வந்தது, பயந்து பயந்து.

“மக்ளே, இது கொறஞ்சதுதானே? நாங்க இனி சந்தோசத்துல சத்தம்போட்டு அழலாமா?”