ஐம்பது நிமிடத்தில் சென்னை

எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்து டென்னிஸைக் கேட்டால் உலகத்தில் எந்த ஊரும் தூரமில்லை. பெங்களூரிலிருந்து கொச்சி ஒரு மணி, துபாய் நாலு மணி என்று கைப்பேசியைப் பார்க்காமலே சொல்வார். இருபத்திரண்டு வருடமாக விடிவதற்குள் எழுந்து, ரயிலில் நின்றபடியே பெங்களூருக்கு வேலைக்குப் போகிற மனிதர். ஒருநாளும் விமானம் ஏறியதில்லை. அது அவர் பேச்சில் துளிக்கூடத் தெரியாது.

"பெங்களூரு இன்னா பெரிய தூரம்? ரெண்டு மணி நேரம்" என்பார். ரயிலில் கால் வைத்ததிலிருந்து கால் எடுக்கிற வரைதான் அவருக்குப் பயணம். ஸ்டேஷனுக்கு நடப்பதும், இறங்கிப் பஸ்ஸுக்கு நிற்பதும் வேறு யாரோ செய்கிற வேலை. தினமும் ரயிலேறும் நாங்கள் எல்லோருமே இப்படித்தான் சொல்வோம். ஆனால் அதை நாங்களே நம்பித் தொலைப்பதில்லை.

அவர் தங்கை ஷைலாவுக்குச் சென்னை மாப்பிள்ளை அமைந்தார். பெரம்பூரில் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கல்யாணப் பூசை. தகப்பனார் உயிரோடில்லை.

"அப்பா எடத்துல நீதாண்ணா. என் கையப் புடிச்சிப் பீடத்தாண்ட இட்டுனு போ. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள் ஷைலா.

முந்தின நாளே பங்காருப்பேட்டையில் ரயிலேற நாங்கள் கிளம்பினோம். டென்னிஸின் மனைவி வின்னி அவரையும் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"நீங்க போங்க. அஞ்சு மணி நேரம் எவன் குந்துவான்? ஃப்ளைட்ல அம்பது நிமிஷம். காலைல வந்து நிப்பேன்" என்றார் நம்ம டென்னிஸ் துரை.

சென்னை எங்களுக்குக் கிழக்கே. துரை மேற்கே நூறு கிலோமீட்டர் டாக்சியில் போனார். பெங்களூர் விமான நிலையத்தில் வரிசை வரிசையாக நின்றார். ஏழரைக்கு விமானம் கிளம்பிய சற்று நேரத்தில் ஜன்னல் வழியே சுரங்கக் கழிவு மண் மலையாகக் குவிந்த எங்கள் ஊர் சயனைட் மேடு தெரிந்ததாம். இருட்டோடு வீட்டைவிட்டுப் போனவர் அத்தனை பாடுபட்டு வீட்டுப் பக்கமே திரும்பியிருக்கிறார்! அதைப் பிறகு பெருமையாக வேறு சொன்னார்.

விமானத்தைக் குறை சொல்லமாட்டேன். எட்டு இருபதுக்கு இறக்கிவிட்டது. பெட்டி வர அரை மணி, டாக்சி கிடைக்கக் கால் மணி, அப்புறம் சென்னையின் திங்கட்கிழமை நெரிசல். இதில் ஒன்றுகூடத் துரையின் மண்டையில் ஏறியிருக்கவில்லை.

ஷைலா வெள்ளைப் புடவையில் எட்டே முக்காலிலிருந்து கோயில் வாசலில் நின்றாள். ஒவ்வொரு வண்டியையும் எட்டிப் பார்த்தாள். ஃபாதர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, ஒன்பது முப்பத்தைந்துக்கு, "இதுக்கு மேல முடியாதும்மா, அடுத்த கல்யாணம் இருக்கு" என்றார். வின்னிதான் அவள் கையைப் பிடித்து உள்ளே நடத்திப் போனாள். பாதி வழியில் அந்தப் பெண் திரும்பி வாசலைப் பார்த்தாளே, அப்போது டென்னிஸ் என் கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பேன்.

தாலி கட்டி முடிந்த பிறகு, பெட்டியை இழுத்துக்கொண்டு வியர்க்க வியர்க்க வந்து சேர்ந்தார். மன்னிப்பு ஒரு வார்த்தை இல்லை.

"ஃப்ளைட் கரெக்ட் டைம்மா. நான் சொன்ன மாதிரி அம்பதே நிமிஷம்."

ஷைலா மாலையைச் சரிசெய்துகொண்டாள்.

"தெரியும்ணா. அம்பது நிமிஷம் எவ்ளோ நேரம்னு நானும் வாசல்லயே நின்னு பாத்துட்டேன்."