வலது கைப்பிடி

நான் கதை எழுதுகிறவள் இல்லை. ஆஸ்பத்திரி லேபில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதுதான் என் வேலை. இல்லாததைச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கூடவே குடித்தனம் பண்ணும் என் வீட்டுக்காரரே இன்று வரை நம்பவில்லை.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. ஆஸ்பத்திரி கீழே. நடுவில் வளைந்து வளைந்து இறங்கும் ரோடு. காலையில் முதல் ஆள் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பார் என்பதால் நான் இருட்டோடு இருட்டாகக் கிளம்பியாக வேண்டும். பைக்கில்தான் போவேன். குளிர்காலம் வந்துவிட்டால் கிளவுஸ் போட்டாலும் விரல் விறைத்துவிடும். விரல் மரத்துப்போனால் நரம்பு தட்டுப்படாது. அந்த வருஷம் ஒரு பெரியவரின் கையில் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, முடியாமல் பக்கத்து ஆளைக் கூப்பிட்டேன். என் வேலையில் அப்படி நடந்ததே இல்லை. அன்றைக்கே முடிவு பண்ணினேன், பைக்கில் சூடாகும் கைப்பிடி போட்டுவிடுவது என்று.

அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இருக்கிற கைப்பிடியின் மேலேயே பட்டை மாதிரி சுற்றிக்கொள்வது. சுலபம், ஆனால் பிடி தடித்துவிடும். என் கை சின்னது. கடையில் பிடித்துப் பார்த்தால் உலக்கையைப் பிடித்த மாதிரி இருந்தது. இன்னொன்று, பழையதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுவது. ரப்பருக்குள்ளேயே மெல்லிய கம்பி ஓடும், அதுதான் சூடாகும். அதையே வாங்கினேன். டப்பாவின் சீல் உடையாமல் இருந்தது, நானே பிரித்தேன்.

பைக் ரிப்பேர் பட்டறைக்காரர் என் கண் முன்னால்தான் மாட்டினார். பழைய ரப்பரைக் கத்தியால் கீறி உரித்தார். பசை தடவிப் புதியதை ஏற்றினார். வலது பக்கக் கைப்பிடி ஆக்சிலேட்டரோடு சேர்ந்து சுற்றும் என்பதால் அந்தப் பக்கத்து ஒயரை மட்டும் கொஞ்சம் தளர்வாக விட்டார்.

"சாவி போட்டாதான் கரண்ட் போகும். சாவிய எடுத்துட்டா இதுவும் செத்துரும். பேட்டரி இறங்காதும்மா," என்றார்.

முதல் வாரம் சொர்க்கம். சூடான டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டே வண்டி ஓட்டுகிற மாதிரி இருந்தது.

அப்புறம் ஒரு நாள் கவனித்தேன். வலது கையில் உள்ளங்கை மட்டுமல்ல, புறங்கையும் சூடாக இருந்தது.

அது எப்படி முடியும்? கைப்பிடி உள்ளங்கையைத்தான் சூடாக்கும். புறங்கை காற்றைப் பார்த்து இருக்கிறது, அது குளிர்ந்துதான் கிடக்க வேண்டும். இடது கை அப்படித்தான் கிடந்தது. வலது மட்டும்... மேலேயும் கீழேயும் ஒரே சூடு.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நல்லதுதானே? வாங்கினதுக்கு மேலயே வேலை செய்யுது," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் ஷெட்டைத் திறந்து, கிளவுஸ் போடாமலே வண்டியைத் தள்ளினேன். இடது கைப்பிடி பனிக்கட்டி. வலது கைப்பிடி வெதுவெதுப்பு. அப்போதுதான் யாரோ கையை எடுத்த மாதிரி. சாவி என் பையில் இருந்தது.

முதல் சந்தேகம் வீட்டுக்காரர் மேல். உள்ளே போய் எழுப்பினேன்.

"ராத்திரி வண்டிய எடுத்தீங்களா?"

"நான் விட்ட குறட்டை உனக்குக் கேக்கலையா?" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

கேட்டதுதான். திரும்பி வந்து இன்ஜினைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. வண்டி எங்கேயும் போகவில்லை.

அப்படியானால் பட்டறைக்காரர்தான். ஒயரை நேராகப் பேட்டரியில் கொடுத்துவிட்டு என்னிடம் மழுப்புகிறார். அன்று சாயங்காலமே வண்டியை அவர் முன்னால் நிறுத்தினேன். அவர் கோபப்படவில்லை. சாவியை எடுத்துவிட்டு, ஒயர் சேரும் இடத்தில் சின்ன பல்பை வைத்துக் காட்டினார். எரியவில்லை. சாவியைப் போட்டதும் எரிந்தது. ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டார். டப் என்று பழைய இடத்துக்குத் திரும்பியது. சூடாக்கும் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கைப்பிடியையும் தொட்டுப் பார்த்தார்.

இடதில் கை வைத்தார், எடுத்தார். வலதில் வைத்தார்... சட்டென்று எடுத்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. ரெண்டும் சூடாகுது."

"அப்புறம் ஏன் அப்படி இழுத்தீங்க?"

"வேலை கிடக்கும்மா. நீ கிளம்பு."

முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். ஏதோ தப்பு செய்து மறைக்கிறார் என்றே நினைத்தேன்.

அன்றிலிருந்து சுவிட்சைப் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். குளிர்ந்தால் குளிரட்டும். நான்கைந்து நாள் ஒன்றுமில்லை.

அதற்கடுத்த காலை. மணி ஐந்து இருபது. நல்ல பனி. ஹெட்லைட் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. சுவிட்ச் அணைந்திருந்தது. அதன் சின்ன விளக்கும் எரியவில்லை. இரண்டு முறை பார்த்தேன்.

பாதி தூரம் இறங்கியிருப்பேன். வலது புறங்கையில் சூடு பரவியது.

மெதுவாக... முதலில் விரல் முட்டிகளில். அப்புறம் விரல் விரலாக.

வளைவு வருகிறது. அங்கே ஒரு கட்டைச் சுவர். அதற்கப்பால் பள்ளம். வேகத்தைக் குறைக்க ஆக்சிலேட்டரை விட்டேன்.

கை வரவில்லை.

ர்ர்ர்ர்ர்... இன்ஜின் சத்தம் ஏறியது. நான் ஏற்றவில்லை. என் மணிக்கட்டு தானாகக் கீழே முறுக்கிக்கொண்டு போனது. என் கையை அதன் இடத்திலேயே வைத்து யாரோ அழுத்தித் திருப்புகிற மாதிரி.

ஒயர் சிக்கிவிட்டது என்றுதான் அந்த நொடியிலும் நினைத்தேன். இன்ஜினை அணைக்கும் பட்டன் வலது கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டைவிரலை நகர்த்தப் பார்த்தேன்.

அசையவில்லை.

இடது கையால் கிளட்சைப் பிடித்தேன். காலால் பின் பிரேக்கை மிதித்தேன். பின் டயர் கிறீச்சென்று வழுக்கியது. வண்டி ஆடியது. சுவர் வெளிச்சத்தில் வந்து நின்றது...

நின்றேன். முன் டயருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடமில்லை.

இன்ஜின் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. கிளட்சை விட்டால் பாயும். இடது காலால் கியரைத் தட்டித் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன். இடது கையை நீட்டிச் சாவியைத் திருகினேன்.

சத்தம் நின்றது.

பனி. இருட்டு. என் மூச்சு.

டிக்... டிக்... சைலன்சர் ஆறுகிற சத்தம்.

வலது கை மட்டும் இன்னும் பிடிபட்டே இருந்தது.

நான் இழுக்கவில்லை. பயமாக இருந்தது.

பிறகு... அது விட்டது.

ஒவ்வொரு விரலாக.

செல்போன் லைட்டைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கிளவுஸும் கறுப்பு. இடதின் மேல் பனித்துளி வெள்ளையாகப் படிந்திருந்தது. வலதின் மேலும் படிந்திருந்தது, ஆனால் நடுவில் நான்கு கோடுகள் மட்டும் காய்ந்து கறுப்பாகத் தெரிந்தன. என் விரல்களைவிட நீளமான கோடுகள்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, விடிந்ததும் வந்த முதல் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். வீட்டுக்காரர் போய் வண்டியை எடுத்து வந்தார். "பனியில பயந்துட்ட," என்றார். நானும் வாதம் பண்ணவில்லை. கைப்பிடி இரண்டையும் கழற்றிவிடச் சொல்லி வண்டியைப் பட்டறைக்கு அனுப்பினேன். பழைய மாதிரி சாதாரணக் கைப்பிடியே போட்டாயிற்று. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் குளிர்காலத்தில் நான் அந்த வண்டியைத் தொடுவதில்லை.

கழற்றிய இரண்டாம் நாள் மத்தியானம் பட்டறைக்காரர் போன் பண்ணினார்.

"அந்தக் கைப்பிடிய ரெண்டா அறுத்துப் பாத்தேம்மா. மனசு கேக்கல."

"சொல்லுங்கண்ணே."

"இடது பக்கம் உள்ள கம்பி சுத்தியிருக்கு. வலது பக்கம் வெறும் ரப்பர். ஒயர் வெளியில இருந்து வந்து விளிம்போட நின்னுடுது. சூடாக்குற கம்பியே அதுல வைக்கல. கம்பெனியில விட்டுட்டான் போல."

"அது சூடாச்சே. நீங்களும்தான் தொட்டுப் பாத்தீங்க."

பட்டறைச் சத்தத்திலிருந்து அவர் தள்ளிப் போவது கேட்டது.

"உன்கிட்ட சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்," என்றார். "அன்னைக்கு நான் தொட்டது ரப்பர் இல்லம்மா. விரல்ல நகம் தட்டுப்பட்டுச்சு."