ரோமன் பெட்டிக்குப் பால்

லண்டனில் ஒரு மியூசியத்தில் காவலராகச் சேர்ந்த முதல் நாளே செல்வராசா அண்ணை சட்டத்தைச் சொல்லிவிட்டார். அங்கே எனக்கு ஆறு வருடம் மூத்தவர் அவர்.

"தம்பி, ஆரையும் தொட விடாதை. நீயும் தொடாதை. பாக்கிறதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்."

எனக்கு விழுந்தது ரோமன் அறை. சுற்றிவரச் செத்தவர்களின் கல் முகங்கள். நடுவில் ஒரு சிறிய பளிங்குப் பெட்டி. தாயின் சாம்பலை வைக்க மகன் செய்வித்தது என்று லேபலில் இருந்தது. மூடியில் விரல் நுழையும் துளை ஒன்று. வீட்டார் வந்து அதன் வழியே வைனும் பாலும் ஊற்றுவார்களாம். செத்தவர்களுக்கும் பசிக்கும் என்று அவர்களும் நம்பியிருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊரில் அம்மா இறந்தார். கடிதம் வந்துசேர மூன்று மாதம் பிடித்தது. ஷெல்லடிக்குள் அயலவர்கள் எரித்துவிட்டு ஓடினார்களாம். மறுநாள் பால் ஊற்றிச் சாம்பல் அள்ள, காடாற்ற, ஒருவரும் திரும்பிப் போகவில்லை. எங்கள் வழக்கத்தில் தாய்க்கு அதைச் செய்யவேண்டியவன் கடைசி மகன். அது நான். என் பாஸ்போர்ட்டோ அகதிக் கேஸ் முடியாமல் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. அம்மாவை மழைதான் அள்ளியிருக்கும். பெற்றதற்கு அவர் கண்ட பலன் அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த அடுத்த திங்கள் காலை, வாசல் திறக்குமுன், தேநீருக்கு வைத்திருந்த பால் போத்தலை எடுத்துவந்து அந்தத் துளையில் ஊற்றினேன். பால் உள்ளே தங்கவில்லை. அடியிலிருந்த வெடிப்பால் ஒழுகிப் பீடத்தில் வழிந்தது.

செல்வராசா அண்ணை ஓடிவந்தார். "விசரே உனக்கு? சூப்பவைசர் கண்டால் வேலை போச்சு!" முழங்காலில் நின்று, சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

"அம்மாவுக்கு, அண்ணை," என்றேன்.

அவர் கை நின்றது.

"இதுக்குள்ள சாம்பல் இல்லையடா தம்பி. தோண்டினவங்கள் எப்பவோ கொட்டிப்போட்டாங்கள். வெறும் பெட்டி."

யூனிபோமோடு நின்று அழுதேன். கடிதம் வந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

பிறகு ஒன்பது வருடம் அதே அறையில் நின்றேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: தெரிந்த உண்மையை மட்டும் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகள் பெட்டிக்குள் என்ன என்று கேட்கும்போதெல்லாம் சாம்பல் என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்ல ஒருநாளும் எனக்கு வாய் வரவில்லை.