ஏழு ஞாயிறு டெஸ்ட்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சென்னை பாடியில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பட்டறையில் ஞாயிறுதோறும் துபாய் வேலைக்கு வெல்டிங் டெஸ்ட் நடக்கும். புருவம் கருகிய, ஒல்லியான ஒருவர் தவறாமல் வருவார். ஒட்டிய இடத்தையெல்லாம் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். கடைசியில், துபாய்க்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், "அடுத்த வாரம் வா" என்பான். டெஸ்ட் என்று அவர் செய்த ஜன்னல் கிரில் திங்களன்று டெம்போவில் ஏறி விலைக்குப் போகும். எண்ணிக்கொண்டே வந்தேன், ஏழு கிரில்.

பொறுக்க முடியாமல் அவரிடமே கேட்டேன்.

"டெஸ்ட்டுன்னா ஒரு சாண் ஒட்டிக் காட்டினா போதாதா? சும்மா வேலை வாங்கறான்யா."

"தெரியும் சார். பாஸ்போர்ட்டு அவன் கையில கீது. இன்னா பண்ண சொல்றீங்கோ?"

"அப்போ வேலையையாவது ஏனோதானோன்னு செய்யேன்."

"செஞ்சா, பெயிலுன்னு சொல்ல அவனுக்கு சாக்கு கெடச்சிடும் சார்."

சொல்லிவிட்டு மறுபடி தடவினார். எனக்கு எரிச்சலாக வந்தது.

எட்டாம் ஞாயிறு வேறொருவர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஏஜென்ட்டிடம் விசாரித்தேன்.

"அவனா? பாஸாகிப் போய்ட்டான் சார்."

"என்ன சம்பளம்? ஒப்பந்தத்துல என்ன எழுதினீங்க?"

"அதெல்லாம் அங்க போய் பேசிக்குவாங்க" என்றான்.

அங்கேயாவது அவருக்கு டெஸ்ட் முடிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.