கெசையா பிரண்டிஷ் வரைந்த கோபுரம்

கெசையா பிரண்டிஷ் எங்கள் ஊர் ஆலயத்தை ஒன்பது வருடத்தில் பதினோரு முறை வரைந்திருந்தாள். பதினோரு படமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து வரைந்தவை. தெற்குப் பக்கம், கல்லறைத்தோட்டத்துச் சுவர் மேல்.

படம் வரைய அவளுக்கு யாரும் முறையாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. சின்ன வயதில் பெரிய பண்ணை வீட்டில் வேலைக்கு இருந்தாள். அந்த வீட்டுப் பெண்களுக்கு வரையச் சொல்லிக்கொடுக்க வாத்தியார் வருவார். இவள் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பெண்களுக்கு வராத கை இவளுக்கு வந்தது. பிறகு கொத்தனார் ஏபெலைக் கட்டிக்கொண்டாள். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் மணியடிக்கிறவனும்கூட. அவன் மணிக்கூண்டில் கயிறு இழுத்துப் பழகும் நேரமெல்லாம் இவள் வெளியே சுவரில் உட்கார்ந்து வரைவாள். உள்ளதை உள்ளபடி, ஒரு கல் விடாமல். நான் பக்கத்து வீடு. பல நாள் அருகில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறில் புதுப் பாதிரியார் வந்தார். ஆலயம் இருட்டாக இருக்கிறது, தூண்கள் தடியாக இருக்கின்றன, பின்னால் இருப்பவருக்குப் பிரசங்க மேடை தெரியவில்லை என்றார். நகரத்திலிருந்து ஒரு கட்டடக்கலைஞரை வரவழைத்தார். கோபுரத்தைத் தாங்கும் வளைவை அகலமாக்கி, அதன் தூண்களை மெல்லியதாக மாற்றுவது என்று முடிவானது. ஏபெலுக்கு அதில் வேலை கிடைத்தது. வீட்டில் அன்றைக்கு ஒரே சந்தோஷம்.

கெசையா மட்டும் படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்து என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு. முதல் படத்துல கோபுரச் சுவத்து வெடிப்பு சன்னலுக்குக் கீழ நிக்குது. இதுல சன்னல் ஓரத்துக்கு வந்துடுச்சு. போன வருஷத்துப் படத்துல மேல ஏறி மணி இருக்கிற இடத்தைத் தொட்டுடுச்சு."

அது வரைக்கும் அந்தக் கீறலைச் சுவரில் படர்ந்த செடிக்கொடி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மறுநாள் படங்களை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிரியாரும் கட்டடக்கலைஞரும் வாசலில் நின்றிருந்தார்கள்.

"ஐயா, தூண்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி கோபுரத்துக்கு மரத்தால முட்டுக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

கட்டடக்கலைஞர் இரண்டு படத்தை வாங்கிப் பார்த்தார். "நல்லா வரையிறியேம்மா! ஆனா வெடிப்புன்னு நீ போட்டிருக்கிறது நிழல். சாயங்கால வெயில்ல அப்படித்தான் தெரியும்."

"எல்லாம் காலையில வரைஞ்சது ஐயா. தேதியும் நேரமும் அடியில எழுதியிருக்கேன்."

சாரத்தின் மேலிருந்து யாரோ ஒருவன் கத்தினான்: "ஏபெலு, உம் பொண்டாட்டிக்கு ஒரு கொத்துக்கரண்டி வாங்கிக் குடுடா! அவளே கட்டிடுவா!"

எல்லாரும் சிரித்தார்கள். ஏபெல் முகம் சிவந்து இறங்கி வந்தான். படங்களை அவள் கையில் திணித்தான். "மானத்த வாங்காத. வீட்டுக்குப் போடி."

அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இவள் ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் துணியில் கட்டி மேசையில் வைப்பாள். அவன் எடுத்துக்கொண்டு போவான். ஐந்து நாள் இப்படிப் போனது. ஆறாம் நாள் வியாழக்கிழமை காலை, இரண்டாவது தூணை எடுக்கும்போது கோபுரம் உள்பக்கமாக விழுந்தது. மணிகள் விழுந்த சத்தம் வயல் வரைக்கும் கேட்டது. ஏபெலும் இன்னொருவனும் அடியில் இருந்தார்கள். வெளியே எடுக்கச் சனிக்கிழமை ஆயிற்று. வீட்டுக் கதவொன்றைக் கழற்றி, அதில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். முகத்தைத் திறக்க விடவில்லை.

மரண விசாரணை எங்கள் ஊர்ச் சத்திரத்தில் நடந்தது. கெசையா பதினோரு படத்தையும் மேசையில் வைத்தாள்.

"இந்தத் தேதிகளை எப்ப வேணும்னாலும் எழுதலாமே" என்றார் கட்டடக்கலைஞர்.

பன்னிரண்டு ஜூரிகளில் ஒன்பது பேர், ஆலய வேலைக்குப் பணம் கொடுத்த பெரிய பண்ணையில் குத்தகைக்கு இருப்பவர்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் கூடப் போனவள்தானே, எழுந்து சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரரும் குத்தகைக்காரர். வாயை மூடிக்கொண்டிருந்தேன். விபத்து என்று தீர்ப்பானது.

மூன்று வருடத்தில் புது ஆலயம் எழும்பியது. பாதிரியார் அவள் வீட்டுக்கு வந்தார்.

"பழைய ஆலயத்தோட படம் ஒண்ணு உள்ள மாட்டணும் கெசையா. அழகா, ஒரு குறையில்லாம வரைஞ்சு குடு."

"பார்த்ததைத்தான் ஐயா எனக்கு வரைய வரும்" என்று சொல்லி, இடிந்து கிடந்த கல்குவியலையும் கதவில் தூக்கிப்போன உடலையும் வரைந்திருந்த படத்தை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை.

அதன் பிறகு அவள் ஊரில் தங்கியதே குறைவு. எங்கே ஆலயத்தை மாற்றிக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் நடந்து போவாள். சுவர் சுவராக வரைவாள். பாதிரியார்களிடம் காட்ட மாட்டாள். அங்கே வேலை செய்யும் கொத்தனார்களின் மனைவிமாரைத் தேடிப்போய்ப் படத்தைக் கொடுப்பாள். ஓரிடத்தில் நாயை ஏவி விட்டார்கள். கெண்டைக்காலில் கடித்த காயம் ஆறவேயில்லை. பல இடத்தில் அந்தத் தாளில் அடுப்பு மூட்டியிருப்பார்கள். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு மார்ச்சில் ஈரப்புல்லில் உட்கார்ந்து வரைந்ததில் சளி நெஞ்சில் இறங்கி, எட்டே நாளில் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு நாங்கள் நாலைந்து பேர்தான். மண் போடும்போது தெரியாத ஒருத்தி சேறு படிந்த காலோடு வந்து நின்றாள். ஒன்பது மைல் நடந்து வந்தாளாம். அவள் புருஷனும் கொத்தனார்.

"இவங்க குடுத்த படத்தப் பார்த்துட்டு எங்காளு முட்டுக் குடுக்காம வேலைக்கு ஏற மாட்டேன்னுட்டாரு. மத்தவங்களும் கூட நின்னாங்க. முட்டுக் குடுத்த மறுநாளே சுவரு இறங்குச்சு. மரம் தாங்கிக்கிச்சு" என்றாள். பிறகு மெதுவாக, "இவங்க பேரு என்னங்க? எங்க ஊருல விரிசல்காரின்னுதான் சொல்லுவோம்" என்று கேட்டாள்.

சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மாடு கறக்கும் நேரத்துக்குள் வீடு சேர வேண்டும் என்று, நான் கொடுத்த தேநீரைக்கூட நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினாள்.