ஒன்பது கிலோ நூறு

குழந்தைக்கு வயது இரண்டரை. வீட்டில் குருவி என்று கூப்பிடுவார்கள். உடம்பும் அந்த அளவுதான். அம்மா பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவள். காலை ஷிப்ட். அப்பா அங்கேயே மெக்கானிக். மாலை ஷிப்ட்.

வீட்டில் சோறு, பருப்பு, முட்டை எதற்கும் குறைவில்லை. டிப்போவுக்குக் கிளம்ப இருபது நிமிடம் இருக்கும்போது அம்மா தட்டை எடுப்பாள். குழந்தை வாயை இறுக்கிக்கொள்ளும். அவளுக்குப் பயம் வரும், பயம் கோபமாகும். மூக்கைப் பிடிப்பாள், வாய் திறந்ததும் ஒரு உருண்டையைத் தள்ளுவாள். பாதி வாந்தியாகும். இரண்டு பேரும் அழுது முடித்தபின், மிச்சத்தை நின்றபடியே தன் வாயில் போட்டுக்கொண்டு ஓடுவாள்.

அப்பாவுக்குக் குழந்தை அழுதால் தாங்காது. அவள் தலை மறைந்ததும் பிஸ்கட்டும் டீயும் எடுத்துக் கொடுப்பார். மதியம் அவள் வரும்போது குருவிக்குப் பசி இருக்காது. மறுபடியும் மூக்கு, மறுபடியும் வாந்தி.

"இந்த மாசமும் எடை ஏறலைன்னா பிள்ளையை நான் தூக்கிட்டுப் போயிடுவேன்," என்றாள் அப்பாவின் அக்கா. "நாலு வளர்த்தவ நான்."

எடை போடும் நாளன்று சுகாதார நிலையத்துக்கு அப்பாவோடு அக்காவும் கூடவே வந்தாள். முள் ஒன்பது கிலோ எழுநூறில் நின்றது. அம்மாவுக்கே நம்ப முடியவில்லை. நர்ஸ், குழந்தை போட்டிருந்த கவுனின் பையைப் பார்த்தாள். அது முழங்கால்வரை தொங்கியது. உள்ளே கைவிட்டு நான்கு சக்கர நட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"பிறக்கும்போதே இருந்ததா இது?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

நட்டு இல்லாமல் ஒன்பது கிலோ நூறு. போன மாதமும் அதேதான்.

"துணியை எடுத்து வை. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றாள் அக்கா.

"ஒரு மாசம் பொறுங்க அண்ணி. அதுவரைக்கும் என் பொண்ணு வாசலைத் தாண்ட மாட்டா."

எப்படி ஊட்டுகிறாய் என்று நர்ஸ் அம்மாவிடம் கேட்டாள். மூக்கைப் பிடிப்பதைச் சொன்னதும் நர்ஸின் முகம் மாறியது. "மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். இனிமே அந்த வேலை வேண்டாம். சரி, நீ உட்கார்ந்து சாப்பிடறதை இவ பார்த்திருக்காளா?"

அம்மா நின்று விழுங்குவதைத்தான் அந்தக் குழந்தை பார்த்திருக்கிறது.

மறுநாளே சூப்பர்வைசரிடம் போய் அரைமணி தள்ளி வேலை கேட்டாள்.

"எல்லார் வீட்லயும்தான் பிள்ளை இருக்கு."

"இருக்கு சார். அது சாப்பிட்டதைப் பார்த்துட்டு வர்றவங்க எத்தனை பேரு? அரைமணி பிந்தி வர்றேன், அரைமணி பிந்திப் போறேன். வண்டி அழுக்கா இருந்தா அப்பக் கேளுங்க."

வாதாட அவருக்கு நேரமில்லை. சரியென்று தலையாட்டினார்.

தரையில் இரண்டு தட்டு வைத்தாள். ஒன்றில் தான் சாப்பிட்டாள். இன்னொன்றைக் குருவியின் முன்னால் தள்ளிவிட்டுக் கையை மடக்கிக்கொண்டாள். முதல் நாள் குழந்தை சோற்றைத் தரைக்குப் பூசியது. இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள் அம்மாவின் தட்டிலிருந்து மஞ்சள் கருவைத் திருடித் தின்றது. பிஸ்கட் டப்பா பக்கம் நீண்ட கணவரின் கையை, "அதை நீங்க டிப்போவுக்குக் கொண்டுபோங்க," என்று நிறுத்தினாள். எழுந்து இரண்டு வாய் ஊட்டிவிடலாமா என்று அவள் கை துடித்த நாட்களும் உண்டு. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது வாரம் அக்கா வந்தாள். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

"பட்டினி போட்டுக் கொல்றியா?" என்று குழந்தையை மடியில் இழுத்துத் தாடையைப் பிடித்தாள்.

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "கையை எடுங்க அண்ணி."

"நாலு வளர்த்தவகிட்டயா சொல்றே?"

"நாலும் உங்களுக்குப் பயந்து முழுங்கினதுங்க. இவ பசிச்சுத் திங்கட்டும்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அக்காவுக்கு எதிரே வாயே திறக்காத மனிதர் அவர்.

"விடுக்கா," என்றார்.

மாதம் முடிந்தது. அம்மாவே கவுனைக் கழற்றி, குழந்தையைத் தராசில் உட்கார வைத்தாள். ஒன்பது கிலோ நானூறு.

"முந்நூறு கிராம்தானா?" என்றாள் அக்கா.

"நல்ல ஏற்றம்," என்று நர்ஸ் அட்டையில் எழுதினாள். "இன்னும் ஏறணும். விட்டுடாதே."

"முந்நூறும் அவளே மென்னு தின்னது அண்ணி," என்று அம்மா கவுனை மாட்டினாள். "அடுத்த மாசமும் வாங்க. சாப்பாட்டு நேரத்துல வந்தா உங்களுக்கும் ஒரு தட்டு வைக்கிறேன். ஊட்டறதுக்கு மட்டும் ஆள் வேண்டாம்."