மலைக்கு அந்தப் பக்கம் நின்ற ரயில்

கல்ஃபில், சோனாப்பூர் லேபர் கேம்பிலிருந்து கட்டட சைட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற கம்பெனி பஸ்ஸை நான்தான் ஓட்டுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து தொணதொணப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒரு சீனத்து வெல்டரை மட்டும் விரட்ட மனம் வரவில்லை. அவன் அப்பாவும் பஸ் டிரைவராம்.

கண்ணாடித் தூசியில் விரலால் கோடிழுத்து ஊரைக் காட்டுவான். நடுவில் ஆறு, இரண்டு பக்கமும் மலை. அந்தக் காலத்தில் ஆற்றோரமாகக் கோவேறு கழுதைகளில் உப்பு மூட்டை போன ஒற்றையடிப் பாதையை, பிறகு ஊர்ச்சனமே பாறை உடைத்து ரோடாக்கியிருக்கிறது. அதில் முதல் பஸ்ஸை ஓட்டியவர் அவன் அப்பா. அரைகுறை இந்தியில் அவன் சொல்லச் சொல்ல, நான் 'அச்சா, அச்சா' என்று கியர் மாற்றுவேன்.

சமீபத்தில் மலையைக் குடைந்து ரயில் விட்டார்கள். ஸ்டேஷன் மலைக்கு அந்தப் பக்கம். இருந்தும் எல்லாரும் ரயிலுக்கே போனதில் பஸ்ஸில் ஏற ஆளில்லாமல் போக, பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பெரியவர் அன்றோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாராம்.

ஒரு நாள் காலை சிரித்தபடி ஏறினான். அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு முடியவில்லை, அவசரமில்லை, மெதுவாக வந்து பார்த்துவிட்டுப் போ என்று வீட்டில் சொன்னார்களாம். பண்டிகை லீவில் போவானாம். எனக்குச் சுருக்கென்றது. கல்ஃபில் இருப்பவனுக்கு எங்கள் ஊர்ப்பக்கமும் இப்படித்தான் சொல்வார்கள். 'அவசரமில்லை' என்றால் உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை நம்பி, முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போனவர்கள் எங்கள் கேம்பில் எத்தனையோ பேர்.

பஸ்ஸை ஓரங்கட்டினேன்.

"பாய், பண்டிகை கிண்டிகை எல்லாம் மாஃபி, கிடையாது. இன்னைக்கே கிளம்பு."

உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று கத்தினான். எனக்கும் சுர்ரென்று ஏறியது.

"என்னைத் திட்டிக்கோ. ஆனா போ."

போனான். திரும்பி வந்தபோது சட்டைக் கையில் துக்கத்துக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தான். வண்டியை எடுத்தேன். அவனாகவே ஆரம்பித்தான். ரயில் நொடியில் கொண்டுவந்து மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டதாம். அங்கிருந்து வீட்டுக்குப் போக வண்டியே இல்லை. ஆரஞ்சு ஏற்றி வந்த லாரிக்காரனைக் கெஞ்சி, மலையேறி இறங்கிப் போய்ச் சேர்ந்திருக்கிறான். அப்பாவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்துகொண்டிருந்ததாம். இவனைப் பார்த்ததும், எந்த வழியா வந்தே என்றுதான் கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?"

"ஆத்தோரமா, பஸ்லதான் வந்தேன்னேன். கூட்டமான்னு கேட்டார். உட்கார இடமே இல்ல, நின்னுக்கிட்டே வந்தேன்னு சொன்னேன்."